மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும் ஜெனரேட்டர்: புயல் நாளில் இயங்க வேண்டுமானால் எப்படிப் பாதுகாக்க வேண்டும்?

புதுடெல்லி: ஒடிசா மாநிலம் பூரி அருகே 2019-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி ஃபானி புயல் கரையைக் கடந்தபோது, கடலோர மாவட்டங்களில் மின்கம்பங்கள் கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. பூரி மாவட்டத்தின் பல பகுதிகளுக்கு மின்சாரம் திரும்புவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் தாக்கிய தமிழகத்தின் காவிரி டெல்டா மாவட்டங்களிலும், 2020 மே 20-ஆம் தேதி ஆம்பன் புயல் தாக்கிய மேற்கு வங்கத்திலும் இதே நிலைதான். கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றவும், கைப்பேசிகளுக்குச் சார்ஜ் போடவும், மருந்தகங்களில் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைத்திருக்கவும் அந்த நாட்களில் கைகொடுத்தவை, இருவர் சேர்ந்து தூக்கிச் செல்லக்கூடிய சிறிய ஜெனரேட்டர்களே.

இத்தகைய எந்திரங்களுக்கு ஒரு வினோதமான குறை உண்டு. ஆண்டில் பதினோரு மாதம் ஒரு மூலையில் கிடந்துவிட்டு, தேவைப்படும் ஒரே நாளில் அவை இயங்க மறுக்கும். கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எஞ்சின் பிடிக்காது. இதற்கு எந்திரத்தின் தேய்மானம் காரணமாக இருப்பது அரிது. அது சும்மா நின்ற காலத்தில் அதனுள் தேங்கியிருந்த பெட்ரோலே பெரும்பாலும் காரணம். ஓட்டத்தைக் காட்டிலும் ஓய்வே ஒரு சிறிய எஞ்சினை அதிகம் கெடுக்கிறது என்பதைப் பழுதுநீக்கும் தொழிலில் இருப்பவர்கள் நன்கறிவர்.

வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் புயல்கள் பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் உருவாகின்றன. ஆகவே கடலோர மாநிலங்களில் ஜெனரேட்டர் வைத்திருப்போர் மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும் ஒரு முறை அதனை வெளியே எடுத்துப் பார்ப்பது பொருத்தமானது. திருமணப் பருவத்திற்காக ஜெனரேட்டர் வைத்திருக்கும் வட மாநில பந்தல் ஒப்பந்ததாரர்களுக்கும், பனிக்காலத்தில் துண்டிக்கப்படும் இமயமலைப் பகுதி மக்களுக்கும் மாதங்கள் மாறுமே தவிர, முறை ஒன்றுதான்.

தேங்கிய பெட்ரோலுக்கு என்ன நேர்கிறது?

பெட்ரோல் என்பது ஒரே பொருள் அன்று. விரைவில் ஆவியாகும் இலகுவான பகுதிகளும், மெதுவாக ஆவியாகும் கனமான பகுதிகளும் சேர்ந்த கலவை. குளிர்ந்த எஞ்சின் முதல் முறை பற்றிக்கொள்வதற்கு உதவுவது அந்த இலகுவான பகுதியே. ஜெனரேட்டர் சும்மா நிற்கும்போது முதலில் பறந்துவிடுவதும் அதுதான். மீதமிருப்பது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து, முதலில் வார்னிஷ் போலவும் பின்னர் பிசின் போலவும் மாறுகிறது. பழைய பெட்ரோலில் எழும் புளித்த நாற்றம் இதன் அடையாளம்.

டேங்கில் உள்ள பல லிட்டர் பெட்ரோல் இப்படிக் கெடுவதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் நிற்பது சில மேசைக்கரண்டி அளவு மட்டுமே. அது சில வாரங்களிலேயே வற்றிப் படிந்துவிடும். அங்குள்ள ஜெட் எனப்படும் பித்தளைத் துளைகள், குறிப்பாக எஞ்சின் சுமையின்றி ஓடும்போது எரிபொருள் தரும் பைலட் ஜெட், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டம் கொண்டவை. மெல்லிய பிசின் படலம் ஒன்றே அவற்றை அடைக்கப் போதும். சோக்கை இழுத்தால் சில நொடிகள் ஓடி, சோக்கைத் தள்ளியவுடன் நின்றுவிடும் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

இந்தியாவில் இந்தச் சிக்கலுடன் எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் அறிமுகப்படுத்தினார். முதலில் 2030-க்கு எனக் குறிக்கப்பட்டிருந்த 20 சதவீத இலக்கு 2025-இலேயே எட்டப்பட்டதாக மத்திய அரசு அறிவித்தது. இன்று பங்க்கில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோல் இதுவே. எத்தனால் நீரை ஈர்த்துத் தன்னுள் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. டேங்க் மூடியின் காற்றுத்துளை வழியாக நுழையும் ஈரக்காற்று, இரவின் குளிர்ச்சியில் டேங்கின் உட்சுவரில் படியும் நீர்த்துளிகள், மூடியைச் சுற்றித் தேங்கும் மழைநீர் ஆகியவை அனைத்தும் மெல்ல மெல்ல அதில் கலக்கின்றன.

எத்தனால் அதிகம் உள்ள பெட்ரோல், பிரியாமல் தாங்கும் நீரின் அளவும் ஓரளவு அதிகமே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சில துளி ஈரத்தால் உடனே ஆபத்து இல்லை. ஆனால் அந்த எல்லை கடந்ததும், நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். எரிபொருள் குழாய் தொடங்குவதும் அந்த அடியிலிருந்துதான். அதாவது எஞ்சினுக்கு முதலில் போய்ச் சேர்வது எரியாத அந்த நீர்க்கலவை. மேலே மிஞ்சும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து, ஆக்டேன் குறைந்து நிற்கும். ஒருமுறை இப்படிப் பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிச் சேர்க்க இயலாது, அப்புறப்படுத்துவதே வழி. மேலும் அந்த நீர் அடுக்கு இரும்பு டேங்கைத் துருப்பிடிக்கச் செய்வதுடன், கார்புரேட்டரின் அலுமினிய உடலில் வெண்மையான பொருக்கையும் உண்டாக்கும். இ20-க்கு முன் வடிவமைக்கப்பட்ட ஜெனரேட்டர்களில் ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பி, வெடித்துப் போவதுண்டு. அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுத்தாலோ விரிசல் தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். குழாயின் விலை அற்பம். அது கசிந்து சூடான புகைக்குழாயில் சொட்டினால் நேரும் இழப்பு அற்பமன்று.

ஒன்று, ஓட்டுங்கள், இல்லையேல், வடித்துவிடுங்கள்

ஜெனரேட்டரைப் பாதுகாக்க இரண்டு முறைகளே உள்ளன. மாதம் ஒருமுறை தவறாமல் இயக்குவது ஒன்று. எரிபொருளை முழுவதுமாக அகற்றி உலர்ந்த நிலையில் வைப்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் கெடுதல். டேங்கில் பாதி பெட்ரோலுடன் மூடி வைத்துவிட்டு, நினைவு வரும்போது ஐந்து நிமிடம் ஓட்டி அணைப்பது நல்ல பழக்கம் போலத் தோன்றும். ஆனால் ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது. எரிதலில் உண்டாகும் நீராவி ஆயிலிலும் சைலன்சரிலும் நீராகவே தங்கி, உள்ளிருந்து துருவை வளர்க்கும்.

மாதந்தோறும் இயக்குவோர் 20 முதல் 30 நிமிடம் வரை, எந்திரத்தின் திறனில் ஏறத்தாழ பாதிச் சுமையுடன் ஓட்ட வேண்டும். 2 கேவிஏ ஜெனரேட்டராக இருந்தால், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றை இணைத்தாலே போதிய சுமை கிடைக்கும். மருத்துவ முகாம், சிறு மருந்தகம், மீன் குளிரூட்டும் கடை என எந்த நேரமும் தேவை எழக்கூடிய இடங்களுக்கு இந்த முறையே ஏற்றது. டேங்கில் உள்ள பெட்ரோலும் இரண்டு மாதங்களுக்கு மேல் பழையதாகாமல் மாற்றப்பட வேண்டும். பழையதை வீணாக்க வேண்டியதில்லை. கெடுவதற்கு முன் இருசக்கர வாகனத்தில் ஊற்றிவிட்டுப் புதியதை வாங்கி வைக்கலாம். எரிபொருள் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் திரவங்கள் சந்தையில் கிடைக்கின்றன. அவை ஆக்சிஜன் வினையைத் தாமதப்படுத்தும் என்பது உண்மையே. ஆயினும் புதிய பெட்ரோலில் கலந்தால்தான் பயன். கெட்டுப்போனதை அவை சீராக்குவதில்லை.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் பயன்படுத்தும் வீடுகளுக்கும் பொது நிலையங்களுக்கும் இரண்டாவது முறையே நம்பகமானது. ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப்போவதில்லை என்றால் எரிபொருளை வடித்துவிட வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை.

வடிக்கும் முறை

முதலில் ஜெனரேட்டரைத் திறந்த வெளியில் சில நிமிடங்கள் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஆயிலை மாற்ற வேண்டும். சூடாக இருக்கும்போதுதான் ஆயில் இளகி, கசடுகளையும் சேர்த்துக்கொண்டு வடியும். பயன்படுத்திய ஆயிலில் எரிதலால் உண்டான அமிலங்களும் ஈரமும் கலந்திருக்கும். அதை அப்படியே விட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தால், பேரிங்குகளை அது அரிக்கத் தொடங்கும். ஆகவே ஆயிலைப் பருவம் முடிந்தவுடன் மாற்ற வேண்டும். அடுத்த பருவத் தொடக்கத்துக்கு ஒத்திப்போடலாகாது. பெரும்பாலான சிறிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு எஸ்ஏஇ 10டபிள்யூ-30 வகை ஆயில் பொருந்தும். அளவு, கைக்குச்சியின் மேல் கோட்டைத் தொட வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றுவது கூடாது; பணிமனைகள் அதனைப் பெற்றுக்கொள்ளும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பின்னரே பெட்ரோலில் கை வைக்க வேண்டும். டேங்கில் உள்ளதை உரிய உலோகக் கேனுக்கு மாற்றிவிட்டு, குழாயில் எஞ்சியதை எஞ்சினே குடித்து முடிக்கும்படி மீண்டும் இயக்கி, அது தானாக நிற்கும் வரை விடலாம். பெட்ரோல் காக்கை மூடிவிட்டு ஓடவிடுவதும் இதற்கு நிகரான முறையே. ஆனால் இத்துடன் வேலை முடிந்தது எனப் பலர் நிறுத்திவிடுவதுதான் தவறு. எஞ்சின் நின்ற பிறகும் அடிக்கிண்ணத்தில் ஜெட்டின் வாய்க்குக் கீழே சிறிது பெட்ரோல் தங்கியிருக்கும். கிண்ணத்தின் அடியிலோ பக்கத்திலோ உள்ள வடிதிருகாணியைத் தளர்த்தி, ஒரு சிறு டப்பாவில் அதனையும் வடித்தெடுக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. பாதுகாப்புப் பணிகளில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் உண்டு என்றால், இதைத்தான் செய்ய வேண்டும்.

பல மாதங்களுக்கு வைப்பதானால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு மேசைக்கரண்டி சுத்தமான எஞ்சின் ஆயிலை ஊற்ற வேண்டும். பிறகு துளையின் மேல் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு, கயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்தால், ஆயில் சிலிண்டர் சுவர் முழுவதும் பரவும். பிளக்கைத் திருப்பிப் பொருத்தி, கயிற்றை மீண்டும் மெதுவாக இழுத்து, கை இறுக்கத்தை உணரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அந்த நிலையில் பிஸ்டன் மேலேறி, இரு வால்வுகளும் மூடியிருக்கும். வெளியே இருந்து ஈரக்காற்று உள்ளே செல்ல வழியில்லை. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கடலோரத்தின் உப்புக்காற்றில் இதன் பலன் மற்ற இடங்களைவிட அதிகம்.

பஞ்சு வகை ஏர் ஃபில்டரைச் சோப்புநீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, சில துளி ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது. எலிகளுக்கு ஜெனரேட்டரின் உட்புறம் சொகுசான வீடு. ஒயர்களின் மேலுறையைக் கடிப்பதுடன், குளிர்விக்கும் காற்று செல்லும் வழியில் கந்தல்களைச் சேர்த்துக் கூடு கட்டும். குளவிகள் சைலன்சர் துளையில் மண் அப்பும். துளையைத் துணியால் அடைத்துவிட்டு, அடைத்திருப்பதாக ஒரு சீட்டைக் கயிற்றின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிடுவது நல்லது. அவசரத்தில் கயிற்றை இழுக்க வருபவர் கண்ணில் முதலில் படுவது அதுவாக இருக்கும்.

மின்பகுதியும் பேட்டரியும்

எஞ்சின் நன்றாக ஓடியும் மின்சாரம் வராத நிலை ஒன்று உண்டு. சாதாரண வகை ஜெனரேட்டர்கள், சுழலும் இரும்பில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய காந்தத்தன்மையை நம்பியே மின் உற்பத்தியைத் தொடங்குகின்றன. நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் அந்தக் காந்தம் மங்கிவிடக்கூடும். 12 வோல்ட் பேட்டரியைக் கொண்டு ஒரு நொடியில் அதனை மீட்டுவிடலாம் எனினும், அது தெரிந்த மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை. மாதம் ஒருமுறை இயக்கப்படும் எந்திரங்களில் இந்தத் தொல்லை அரிதாகவே எழும். நிலைக்காந்தம் கொண்ட இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர்களில் இந்தப் பிரச்சினை இல்லை. சுருள்களில் ஈரம் ஏறுவது எல்லா வகைகளுக்கும் பொது. மழைக்காலம் முழுவதும் கிடந்த எந்திரத்தை வெளியே எடுத்தால், சுமையை உடனே ஏற்றாமல் சிறிது நேரம் வெறுமனே ஓடவிட்டு உலர்த்துவது முறை.

பொத்தானை அழுத்தி இயக்கும் வகைகளில் ஈய அமில பேட்டரி இருக்கும். யாரும் தொடாவிட்டாலும் அதன் சார்ஜ் தானாக இறங்கும். வெப்பம் கூடினால் இன்னும் விரைவாக இறங்கும். எதிர்முனை ஒயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேல் காட்டும். 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜ் செய்ய வேண்டும். இறங்கிய நிலையிலேயே மாதங்கள் கடந்தால், தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகி, பேட்டரி மீளாமல் போகும்.

டீசல், மண்ணெண்ணெய் வகைகள்

டீசல் ஜெனரேட்டர்களுக்கான விதி ஒரு இடத்தில் நேர்மாறானது. டீசல் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே டேங்கைக் காலியாக்குவதைவிட, மேல் வரை நிரப்பி வைப்பதே நல்லது. காலி இடம் குறைந்தால் ஈரம் படியும் இடமும் குறையும். டேங்கின் அடியில் நீர் தேங்கினால், நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிரிகள் பெருகி, கரிய வழவழப்பான கசடு உண்டாகும். அது ஃபில்டரை அடைக்கும். நீர் பிரிப்பானின் அடித்திருகை மாதம் ஒருமுறை திறந்து, தெளிந்த டீசல் வரும் வரை வடிக்க வேண்டும்.

லடாக்கில் குளிர்கால வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் இடங்களில், சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறைந்து எரிபொருள் ஓடாமல் நின்றுவிடும். இதற்காகவே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019 நவம்பரில் அங்கு அறிமுகப்படுத்தியது. ஆனால் கோடையில் நிரப்பிய டீசலுடன் ஜெனரேட்டரை மூடி வைத்தவருக்கு அதனால் பயன் இல்லை. பனி தொடங்கும் முன் டேங்கில் இருப்பதை மாற்றுவதுடன், புதிய டீசல் ஃபில்டர் வரை சென்று சேரும்படி சிறிது நேரம் ஓட்டியும் வைக்க வேண்டும். பேட்டரிக்கும் அங்கே கூடுதல் ஆபத்து உண்டு. முழு சார்ஜில் உள்ள பேட்டரி அந்தக் குளிரைத் தாங்கும். சார்ஜ் இறங்கியதில் உள்ள நீர்க்கரைசல் உறைந்து கூட்டையே பிளந்துவிடக்கூடும்.

பெட்ரோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய ஜெனரேட்டர்கள் இன்னும் பல கடைகளில் காணப்படுகின்றன. ஒரு காலத்தில் வட இந்தியச் சந்தைத் தெருக்களின் மாலை ஓசையே அவற்றினுடையதுதான். இவற்றை அணைக்கும் முன், மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்ட வேண்டும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால், குளிர்ந்த எஞ்சின் அடுத்த முறை அதனைப் பற்றவைக்காது.

எங்கே வைப்பது?

வெள்ளம் வரும் ஊரில் ஜெனரேட்டரைத் தரைத்தளத்திலோ அடித்தளத்திலோ வைப்பது, தேவைப்படும் நாளில் அதனை இழப்பதற்கான உறுதியான வழி. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்திலும் தரைமட்டத்தில் இருந்த மின்கருவிகளே முதலில் மூழ்கின. கடந்த வெள்ளத்தின் நீர்க்கோடு சுவரில் தெரிந்தால், அதற்கும் மேலே மேடை அமைக்க வேண்டும். மரப்பலகை அல்லது ரப்பர் விரிப்பின் மேல் வைத்தால் தரையின் ஈரம் ஏறாது. முழுவதுமாகப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டுவது பலரும் செய்யும் பிழை. உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி எந்திரத்தின் மேலேயே படியும். கெட்டியான பருத்தித் துணியோ, காற்று புகும் உறையோ போதும். அதையும் எஞ்சின் ஆறிய பிறகே போர்த்த வேண்டும்.

நீருக்குள் மூழ்கி எழுந்த ஜெனரேட்டரைச் சோதித்துப் பார்க்கும் ஆவலில் கயிற்றை இழுத்துவிடக் கூடாது. சிலிண்டரில் நீர் இருந்தால், அழுத்தம் தாங்காமல் கனெக்டிங் ராட் வளையும். ஆயிலையும் எரிபொருளையும் முழுவதுமாக வடித்து, பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றி, சுருள்களை உலர்த்தி, மின்காப்பை அளந்த பிறகே இயக்க வேண்டும். கடல்நீர் புகுந்திருந்தால் அதற்கும் முன்பாக நல்ல நீரால் கழுவுவது அவசியம். உப்பு உலர்ந்து படிந்துவிட்டால் அரிப்பு நிற்காது.

வீட்டில் எவ்வளவு பெட்ரோல் வைக்கலாம்?

1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனை நோக்கமின்றி ஒருவர் உரிமம் இல்லாமல் தம்மிடம் வைத்திருக்கக்கூடிய பெட்ரோலின் அளவு மொத்தம் 30 லிட்டர். அதுவும் இறுக மூடிய கலத்தில் இருக்க வேண்டும். உலோகக் கலமாயின் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகலாகாது; கண்ணாடி அல்லது பீங்கான் கலமாயின் 1 லிட்டருக்கு மிகலாகாது. குடிநீர் பாட்டில்களுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று, அடுத்த அறையில் உள்ள அடுப்பையோ பூஜை விளக்கையோ எட்டும். ஆகவே கேனைச் சமையலறை, படுக்கையறை, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியவற்றிலிருந்து விலக்கி, நிழலும் காற்றோட்டமும் உள்ள வெளிப்புற அறையில் வைக்க வேண்டும். வாங்கிய தேதியைக் கேனின் மேல் எழுதி ஒட்டுவது எளிய பழக்கம். தேர்தல் காலத்திலும் பதற்றமான சூழலிலும் கேன்களில் பெட்ரோல் விற்க மாவட்ட நிர்வாகங்கள் தடை விதிப்பதுண்டு. புயல் எச்சரிக்கை வந்த பிறகோ பங்க் வாசலில் வரிசை நீண்டுவிடும். எனவே பருவத் தொடக்கத்திலேயே சில லிட்டர் புதிய பெட்ரோலை வாங்கி வைப்பது நல்லது.

மீண்டும் வெளியே எடுக்கும்போது

மாதங்கள் கழித்து எடுக்கும் ஜெனரேட்டரை, அது இருக்கும் அறையிலேயே ஓட்டிப் பார்க்கும் வழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சன்னல் திறந்திருக்கிறது, ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது என்பவை பாதுகாப்பாகா. மழை கொட்டும் இரவிலும் கூட எந்திரம் வீட்டுக்கு வெளியே, கதவு சன்னல்களிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி, மேலே மட்டும் கூரையிட்டு வைக்கப்பட வேண்டும். அதற்கான இடத்தை இயல்பு நாளிலேயே தேர்ந்து வைக்க வேண்டும். அதேபோல், ஜெனரேட்டரின் ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகி வீட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் குறுக்குவழியும் கூடாது. அந்த மின்சாரம் தெருக்கம்பி வரை பின்னோக்கிச் சென்று, மழையில் கம்பத்தின் மேல் நிற்கும் மின்வாரியப் பணியாளரைத் தாக்கும். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவதே இதற்கான தீர்வு.

சைலன்சர் அடைப்பை நீக்கி, ஆயில் அளவைப் பார்த்து, புதிய பெட்ரோலை ஊற்றி, காக்கைத் திறந்து ஓரிரு நிமிடம் காத்திருந்து, கசிவு இல்லை என்று உறுதி செய்த பின்னரே கயிற்றை இழுக்க வேண்டும். சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிவதால் முதலில் சிறிது நேரம் வெண்புகை வரும், அது பழுதன்று. சிறிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் எஞ்சினைப் பற்றவிடாமல் தடுக்கும் சென்சார் உண்டு. எந்திரம் சாய்வான தரையில் இருந்தாலும் அது தடுக்கும். பெட்ரோலும் பிளக்கும் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், முதலில் தரையைச் சமப்படுத்திப் பார்க்கலாம்.

எஞ்சின் இல்லாத லித்தியம் மின்சேமிப்புப் பெட்டிகளை இப்போது பலர் வாங்குகின்றனர். அவற்றுக்கு இவ்வளவு பாடு இல்லை. முழு சார்ஜிலோ முற்றிலும் காலியாகவோ வைக்காமல், பாதியளவு சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். புயல் எச்சரிக்கை வந்ததும் முழுமையாக ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் தண்ணீர் மோட்டாரை நாள்தோறும் பல மணி நேரம் ஓட்டும் வேலைக்கு அவற்றில் பெரும்பாலானவை போதா.

1999 அக்டோபர் 29-ஆம் தேதி தாக்கிய பெரும்புயலுக்குப் பிறகு ஒடிசா தன் கடலோரத்தில் நூற்றுக்கணக்கான புயல் பாதுகாப்பு மையங்களைக் கட்டியது. தங்குமிடத்துடன் ஜெனரேட்டர், மரம் அறுக்கும் எந்திரம் போன்றவையும் அவற்றில் வைக்கப்பட்டு, உள்ளூர் மக்களைக் கொண்ட குழுக்களிடம் பராமரிப்பு ஒப்படைக்கப்பட்டது. பருவம் தொடங்கும் முன் ஒத்திகை நடத்தும் வழக்கமும் அங்கு உண்டு. இத்தகைய பொது எந்திரங்களில் எழும் இடர், தனிவீட்டில் எழாத ஒன்று: எல்லோருக்கும் சொந்தமானதை வடித்து வைக்க வேண்டியவர் யார், எடுத்து இயக்கத் தெரிந்தவர் யார் என்பது தெளிவாக இருப்பதில்லை. ஊராட்சி, பள்ளி, மீனவர் கூட்டுறவுச் சங்கம் என எதுவாயினும், ஜெனரேட்டருடன் கெட்டி அட்டை ஒன்றைக் கட்டி வைப்பது நல்லது. கடைசியாக ஆயில் மாற்றிய தேதி, எரிபொருள் வடித்த தேதி, பொறுப்பாளர்கள் இருவரின் பெயர், பெட்ரோல் காக்கும் சோக்கும் எந்தப் பக்கம் உள்ளன என்பதைக் காட்டும் ஒரு சிறு படம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். புயல் இரவில் டார்ச் வெளிச்சத்தில் படிக்கும்படி, உள்ளூர் மொழியில், பெரிய எழுத்துகளில் எழுதி, ஈரம் படாமல் உறையிட்டிருக்க வேண்டும்.